60 என்ற எண்ணுக்கு ஒரே பூர்வீகமா?

கேள்வி இதுதான்: மணிக்கு 60 நிமிடம், நிமிடத்துக்கு 60 விநாடி, தமிழ் வருஷங்கள் 60, அறுபதாம் கல்யாணம், சீனர்களுக்கும் 60 வருஷச் சுற்று, அமெரிக்காவில் கரண்ட் 60 ஹெர்ட்ஸ் (அதாவது விநாடிக்கு 60 துடிப்பு), கையில் இருக்கிற போன் திரை 60 ஹெர்ட்ஸ். எல்லாம் ஒரே இடத்திலிருந்து கிளம்பியதா? அந்த எண்ணில் ஏதாவது விசேஷ சக்தி இருக்கிறதா?

இரண்டுக்கும் பதில் இல்லைதான். இந்த 60கள் ஒரே பெயர் வைத்துக்கொண்ட நாலு தனித்தனிக் குடும்பங்கள். ஒன்று பாபிலோன் கணக்கு, ஒன்று வியாழன் கிரகம், ஒன்று சீனாவின் பத்தும் பன்னிரண்டும், ஒன்று அமெரிக்க மின் பொறியாளர்கள். ஆனால் நடுவில் அங்கங்கே சம்பந்தம் செய்துகொண்டுவிட்டார்கள், அதனால்தான் யார் வீட்டுப் பிள்ளை யார் என்று குழப்பம் வருகிறது. (தமிழ்நாட்டு அரசு ஊழியர் ஓய்வு வயது 60 என்பது எந்தக் குடும்பத்திலும் சேராது. 2020இல் 58 என்பது 59 ஆனது, 2021இல் 60 ஆனது. அது முழுக்க நிதித்துறை விவகாரம்.)

முதலில் மூத்த குடும்பம். இன்றைய ஈராக்கில், பாபிலோனியர்களுக்கு முன்னோடிகளான சுமேரியர்களிடம் எண்களுக்குத் தனிக் குறிகள் இருந்தன: 1, 10, 60, 600, 3600. 10, 6, 10, 6 என்று மாறி மாறிப் பெருகும் வரிசை. கி.மு. 2000ஐ ஒட்டிய காலத்தில் இதிலிருந்து ஓர் இடமதிப்பு முறை உருவாகிவிட்டது. நம் எழுத்தில் ஓர் இடம் இடப்பக்கம் நகர்ந்தால் பத்து மடங்கு ஆவதுபோல, அங்கே அறுபது மடங்கு. எழுத இரண்டே குறிதான்: நெட்டுக்குத்தாக ஓர் ஆப்பு, அது 1. சாய்வாக ஒரு கொக்கி, அது 10. இந்த இரண்டை வைத்தே 59 வரை எழுதிவிடுவார்கள், 60 வந்ததும் பக்கத்து இடத்துக்குத் தாவல்.

ஏன் 60? விரல் கணுக்கள் 12, மறு கையில் விரல் 5, பெருக்கினால் 60 என்று ஒரு கதை வாட்ஸ்அப்பில் ஓடிக்கொண்டே இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது பிற்காலத்தார் சொன்ன ஊகம். எடை அளவுகளிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று கணித வரலாற்றாளர் ஓட்டோ நியூகபவர் சொன்னதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. வெள்ளியை நிறுக்கும்போது 60 ஷெகல் ஒரு மினா, 60 மினா ஒரு டாலண்ட். கூலி, வரி, கடன், பாகப்பிரிவினை எல்லாமே பங்கு போடும் வேலைதான், அதற்கு 60 வசதி. 1, 2, 3, 4, 5, 6 எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுபடும் மிகச் சிறிய எண் அதுதான். மூன்றில் ஒரு பங்கு என்றால் நாம் 0.333 என்று முடிவில்லாமல் எழுதிக்கொண்டே போக வேண்டும், அவர்களுக்கு அது 20, அவ்வளவுதான். எட்டில் ஒரு பங்கு 7, 30, அதாவது அறுபதில் 7, அதற்கும் கீழே அறுபதில் 30. வகுத்தல் என்று தனியாக எதுவும் செய்யமாட்டார்கள், தலைகீழ் எண்களின் வாய்ப்பாடு ஒன்று வைத்துக்கொண்டு பெருக்கிவிடுவார்கள். அந்த வாய்ப்பாட்டில் 7 இருக்காது, ஏனென்றால் 60க்கும் 7க்கும் ஆகாது.

இது எவ்வளவு தூரம் போயிற்று என்பதைப் பார்க்க, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஒய்பிசி 7289 என்று எண்ணிட்டு வைத்திருக்கும் களிமண் பலகை ஒன்று போதும். கி.மு. 1800க்கும் 1600க்கும் இடைப்பட்டது, உள்ளங்கையில் அடங்கிவிடும், பாடம் படித்த பையன் கீறியதாக இருக்கலாம் என்கிறார்கள். ஒரு சதுரம், அதற்கு இரண்டு மூலைவிட்டம். பக்கத்தின் மேல் 30 என்று எழுதியிருக்கிறது. மூலைவிட்டத்தின் மேல் 1, 24, 51, 10. அதன் கீழே 42, 25, 35. முதல் வரியை நம் கணக்குக்கு மாற்றிப் பாருங்கள்: 1 + 24/60 + 51/3600 + 10/216000. வருவது 1.414213. இரண்டின் வர்க்கமூலம். பிழை பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதை 30ஆல் பெருக்கினால் கீழே இருக்கிற 42, 25, 35 வந்துவிடுகிறது.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது, அது பின்னால் நமக்கு வேண்டியிருக்கும். அந்தக் காலத்தில் அவர்களிடம் பூஜ்யம் இல்லை, புள்ளியும் இல்லை. ஓர் ஆப்பு போட்டால் அது 1 ஆக இருக்கலாம், 60 ஆக இருக்கலாம், 3600 ஆக இருக்கலாம், 1/60 ஆகவும் இருக்கலாம். மேலே சொன்ன பலகையில் அந்த 30 என்பது முப்பதா, இல்லை அறுபதில் முப்பதான அரையா என்றுகூடப் பலகையை மட்டும் பார்த்து அடித்துச் சொல்ல முடியாது. இரண்டில் எப்படிப் படித்தாலும் கணக்கு சரியாகவே இருக்கும். படிக்கிறவன் சூழலைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

பாபிலோன் அழிந்த பிறகும் இந்தக் கணக்கு பிழைத்திருந்ததற்கு ஒரே காரணம் வானியலாளர்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்ட்ரியாவில் தாலமி தன் அட்டவணைகளில் பின்னங்களை எல்லாம் 60இல்தான் எழுதினார், பாகைக்கு 60 கலை, கலைக்கு 60 விகலை. அரபு, பாரசீக வானியலாளர்கள் அதைத் தொடர்ந்தார்கள். 1424இல் சமர்கந்தில் அல்-காஷி, வட்டத்தின் சுற்றளவுக்கும் ஆரத்துக்கும் உள்ள விகிதத்தை, அதாவது 2 பை (2π) மதிப்பை, 60இன் ஒன்பது பின்ன இடங்கள் வரை கணக்கிட்டார், நம் தசம முறையில் 16 இடம். ஒன்றைக் கவனியுங்கள்: மணியை 60 நிமிடமாகப் பிரித்தது பாபிலோன் என்று எல்லாரும் எழுதுகிறார்கள், அது பாதிதான் சரி. அவர்கள் ஒரு நாளை "பேரு" என்ற 12 பகுதிகளாகவும், ஒரு பேருவை 30 உஷ் ஆகவும் பிரித்தார்கள், ஓர் உஷ் நம் 4 நிமிடம். 24 மணி எகிப்திலிருந்து வந்தது. அந்த மணியை 60ஆல் உடைத்தது பிற்கால வானியலாளர்கள், அதுவும் ஏட்டில் மட்டும். ஊர்க்கோபுரக் கடிகாரங்களுக்கு ரொம்ப நாள் மணி முள் ஒன்றுதான். 1656இல் டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் ஊசல் கடிகாரம் செய்த பிறகுதான் நிமிட முள்ளை நம்பி ஒரு வேலை பார்க்கலாம் என்ற நிலை வந்தது.

இதை ஒழிக்க ஒரு முயற்சியும் நடந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 1793இல் ஒரு நாளுக்கு 10 மணி, மணிக்கு 100 நிமிடம், நிமிடத்துக்கு 100 விநாடி என்று சட்டம் போட்டார்கள். கடிகாரங்கள்கூடச் செய்தார்கள். 1795 ஏப்ரலில் கைகழுவிவிட்டார்கள். அதே ஆட்களின் மீட்டரும் கிலோகிராமும் உலகத்தையே பிடித்துக்கொண்டன, மணி மட்டும் ஏன் தோற்றது? எனக்குத் தெரிந்த நல்ல விளக்கம்: முழமும் படியும் ஊருக்கு ஊர் வேறு, அதனால் தினம் சண்டை, மீட்டர் அந்தச் சண்டையைத் தீர்த்தது. மணியில் அப்படிச் சண்டையே இல்லை, எல்லா ஊரிலும் ஏற்கெனவே 60 நிமிடம்தான். இல்லாத வியாதிக்கு யாரும் மருந்து சாப்பிட மாட்டார்கள்.

சரி, நம் நாழிகைக்கு வருவோம். ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை. நாழிகை 24 நிமிடம், இரண்டரை நாழிகை ஒரு மணி. ராகு காலம் ஒன்றரை மணி என்பது மூன்றே முக்கால் நாழிகை, பகல் 30 நாழிகையில் எட்டில் ஒன்று. இதுவும் பாபிலோனிலிருந்து வந்ததே என்று டேவிட் பிங்கிரி போன்ற வரலாற்றாளர்கள் வாதிட்டார்கள், மறுப்பவர்களும் உண்டு. எனக்கு முழுதாக ஒப்பவில்லை, காரணம் நம் மிகப் பழைய வானியல் நூலான வேதாங்க ஜோதிடத்திலேயே இருக்கிறது. அதில் நாள் 30 முகூர்த்தம், முகூர்த்தத்துக்கு இரண்டு நாழிகை, ஆகவே 60. ஆனால் அதற்குக் கீழே போனால் 60 நின்றுவிடுகிறது. ஒரு நாழிகைக்குப் பத்தும் இருபதில் ஒன்றும் சேர்ந்த கலைகள் (முன்னே சொன்ன பாகைக் கலை அல்ல, இது கால அளவு), மொத்த நாளுக்கு 603 கலை! அறுபதைக் கடன் வாங்கியவன் அடுத்த படியில் 603 என்று போவானா? அந்த 60, முப்பதை இரட்டித்ததால் வந்த 60. அப்புறம் கிரேக்க வானியலின் தொடர்பு வந்து, சித்தாந்தம் எனப்படும் பிற்கால வானியல் நூல்களின் காலத்தில்தான் 60க்குள் 60 என்ற அடுக்கு முழுமையாகிறது. ஆரியபட்டரிடம் நாழிகைக்கு 60 விநாழிகை ஒழுங்காக இருக்கிறது. அவர் தன் வயதைச் சொன்ன விதமும் அப்படியே: மூன்று யுகபாதம் கழிந்து, அறுபது அறுபதுகள் வருஷமும் போனபோது எனக்கு வயது 23 என்கிறார். 60 x 60 = 3600, கலியுகக் கணக்கில் அது கி.பி. 499. இந்திய அறிவியலாளர் ஒருவரின் பிறந்த வருஷம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதே அபூர்வம்.

இப்போது இரண்டாவது குடும்பம், வருஷம் 60. இதற்கும் நிமிடக் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை. வியாழன் சூரியனைச் சுற்ற 11.86 வருஷம், சனி சுற்ற 29.46 வருஷம். கிட்டத்தட்ட 12, கிட்டத்தட்ட 30. இரண்டும் சேர்ந்து பழைய இடத்துக்கு வர 60. வானத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கே தெரிந்திருக்கும், இந்த இரண்டும் சுமார் 20 வருஷத்துக்கு ஒருமுறை நெருங்கி வரும் (கடைசியாக 2020 டிசம்பர் 21இல், வெறுங்கண்ணுக்கு ஒரே நட்சத்திரம் மாதிரி). நாலாவது நெருக்கம் முதல் நெருக்கம் நடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே வந்துவிடும்.

"கிட்டத்தட்ட" என்பதுதான் இங்கே வில்லங்கம். அறுபதாம் கல்யாணத்தில், பிறந்தபோது இருந்த இடத்துக்கே கிரகங்கள் திரும்பிவிட்டன என்று சொல்வார்கள். கணக்குப் போட்டால் சூரியன் சரி, வியாழன் சுமார் 21 பாகை தள்ளி நிற்கும், சனி சுமார் 13 பாகை தள்ளி. ஒரு ராசிக்குள்தான், மோசமில்லை. ராகு கேதுவுக்கெல்லாம் இது பொருந்தவே பொருந்தாது. திருக்கடையூரில் கூட்டம் அதற்காகக் குறையப் போவதில்லை, குறையவும் வேண்டாம்.

பழைய நூல்முறைப்படி ஒரு வருஷப் பெயர் என்பது வியாழன் சராசரியாக ஒரு ராசியைக் கடக்கும் காலம், சுமார் 361 நாள். நம் வருஷமோ 365 நாளுக்குக் கொஞ்சம் மேல். ஆகவே சுமார் 85 வருஷத்துக்கு ஒருமுறை ஒரு பெயரைத் தாண்டிப் போக வேண்டும். வட இந்தியாவில் தாண்டினார்கள். தெற்கே சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே தாண்டுவதை விட்டுவிட்டு, வருஷத்துக்கு ஒரு பெயர் என்று வரிசையாக எண்ண ஆரம்பித்தார்கள். அதனால்தான் இன்று வடக்கே ஓடுகிற சம்வத்சரப் பெயரும் தெற்கே ஓடுகிற பெயரும் பத்துக்கும் மேல் வித்தியாசப்படுகின்றன. நம் 60க்கு வியாழனோடு இருந்த உறவு முறிந்து எவ்வளவோ காலமாகிறது, இப்போது அது வெறும் எண்ணி. 1987 ஏப்ரலில் பிரபவ, 2025இல் விசுவாவசு, 2046இல் அட்சய, 2047இல் மறுபடி பிரபவ.

எண்ணி என்றதும் முன்னே சொன்ன பாபிலோன் சிக்கல் இங்கேயும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பழைய கைப்பிரதியிலோ குடும்பப் பத்திரத்திலோ "பவ வருஷம் தை மாதம்" என்று மட்டும் இருந்தால் அது எந்தப் பவ? 1874இல் ஒரு பவ பிறந்தது, 1934இல் ஒன்று, 1994இல் ஒன்று. தை மாதம் என்பதால் ஆங்கில வருஷம் இன்னும் ஒன்று கூடி 1875, 1935, 1995. காகிதம், கையெழுத்து, அதில் வரும் ஆட்களின் பெயர், இவற்றை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கல்வெட்டுகளில் சக ஆண்டும் வருஷப் பெயரும் சேர்ந்து வந்தால் ஆய்வாளர்களுக்குக் கொண்டாட்டம், ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்த்துவிடலாம். வாய்வழக்கில் மட்டும் இந்தக் குழப்பம் வருவதே இல்லை. தாது வருஷப் பஞ்சம் என்றால் 1876இல் தொடங்கி 1878 வரை தென்னிந்தியாவில் லட்சக்கணக்கானவர்களைக் கொன்ற பஞ்சம் மட்டும்தான். 1936இலும் 1996இலும் தாது வந்து போயிற்று, அந்தப் பெயரை யாரும் அவற்றுக்குக் கொடுக்கவில்லை.

கிழக்கே போனால் இதே பழக்கம், ஆனால் வேறு குடும்பம். சீனாவில் பத்துக் குறிகள் ஒரு வரிசை, பன்னிரண்டு குறிகள் இன்னொரு வரிசை (எலி, எருது, புலி என்று நாம் கேள்விப்படுவது இந்தப் பன்னிரண்டு). இரண்டும் ஒன்றாக ஒவ்வோர் அடி நகரும். பத்தும் பன்னிரண்டும் பெருக்கினால் 120 ஜோடி வர வேண்டுமே என்று தோன்றும், வராது. ஒற்றைப்படையோடு ஒற்றைப்படைதான் சேரும், இரட்டையோடு இரட்டைதான், பாதி ஜோடிகள் சந்திப்பதே இல்லை. ஆக 60. இதை அவர்கள் முதலில் வருஷத்துக்கு வைக்கவில்லை, நாளுக்கு வைத்தார்கள். மூவாயிரம் வருஷத்துக்கும் முந்திய ஷாங் காலத்துக் குறி கேட்கும் எலும்புகளில் தேதி இப்படித்தான் பொறித்திருக்கிறது. வருஷத்துக்கு வந்தது பிற்பாடு. இங்கும் நம் தாது மாதிரியே சம்பவத்துக்கு வருஷத்தின் பெயர்: 1911 புரட்சிக்குச் சின்ஹாய் என்று பெயர், 1592இல் ஜப்பான் கொரியாமீது படையெடுத்த போருக்கு இம்ஜின் என்று பெயர், இரண்டுமே அந்தந்த வருஷத்தின் ஜோடிப் பெயர்கள். ஜப்பானில் பள்ளிப் பையன்களின் பேஸ்பால் போட்டி நடக்கும் கோஷியன் மைதானம் 1924 ஆகஸ்டில் திறந்தது, சுற்றின் முதல் வருஷம் என்பதால் அந்த வருஷப் பெயரையே வைத்துவிட்டார்கள். அறுபது முடிந்தவர்களுக்கு அங்கே சிவப்புச் சட்டை போட்டு விருந்து. நம் சஷ்டியப்தபூர்த்தியைப் பார்த்து அவர்கள் செய்யவில்லை, அவர்களைப் பார்த்து நாமும் செய்யவில்லை. எங்கே எண்ணி 60இல் திரும்புகிறதோ அங்கே 60ஆம் வயதுக்கு ஒரு விழா தானாக முளைத்துவிடும்.

இந்த இரண்டு குடும்பமும் சம்பந்தம் செய்துகொண்ட இடம் திபெத். காலசக்கர தந்திரம் என்ற பௌத்த நூலோடு இந்தியாவின் வியாழச் சுற்று அங்கே போயிற்று, சீனச் சுற்றும் இன்னொரு பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தது. திபெத்தியர் தங்கள் 60 வருஷச் சுற்றுகளை 1027இலிருந்து எண்ணுகிறார்கள். 1027ஓடு 16 முறை 60 கூட்டினால் 1987, நம் பிரபவ வருஷமேதான். ஆனால் அதே வருஷத்தை நெருப்பு முயல் என்று சீன வழியிலும் அழைக்கிறார்கள். சீனாவில் சுற்று தொடங்கியது 1984இல், அதாவது மூன்று வருஷம் முந்தி. ஒரே வண்டிக்கு இரண்டு ஊர் நம்பர்!

நாலாவது குடும்பத்துக்கு வயது சுமார் 130தான். மாறுமின்சாரம் ஒரு விநாடிக்கு எத்தனை முறை முன்னும் பின்னும் போக வேண்டும் என்பதற்கு ஆரம்பத்தில் ஒழுங்கே கிடையாது. அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி 133 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேல் ஓட்டிக்கொண்டிருந்தது, விளக்குக்கு அது போதும், மோட்டாருக்கு ஆகவில்லை. 1895இல் நயாகரா மின்நிலையம் 25 ஹெர்ட்ஸ், மோட்டாருக்கு நன்றாக இருந்தது, விளக்கு கண் சிமிட்டியது. இரண்டுக்கும் நடுவில் எங்கேயாவது நிற்க வேண்டும். வெஸ்டிங்ஹவுஸ் 60ஐ எடுத்துக்கொண்டது, ஜெர்மனியில் ஏ.இ.ஜி. கம்பெனி 50ஐ எடுத்துக்கொண்டது. 50க்கும் 60க்கும் தரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, யார் யாரிடம் ஜெனரேட்டர் வாங்கினார்களோ அந்த வழியில் போனார்கள். இதற்கு ஜப்பானைவிட நல்ல சாட்சி இல்லை: தோக்கியோ ஜெர்மன் இயந்திரம் வாங்கியது, ஒசாகா அமெரிக்க இயந்திரம் வாங்கியது, இன்றைக்கும் நாட்டின் கிழக்குப் பாதி 50, மேற்குப் பாதி 60. 2011 நிலநடுக்கத்தில் கிழக்கே மின்நிலையங்கள் நின்றபோது, மேற்கிலிருந்து தாராளமாக மின்சாரம் கொடுக்க முடியாமல் தவித்தார்கள். நடுவில் இருந்த மாற்றி நிலையங்கள் அவ்வளவு தாங்காது.

இந்த 60 பாபிலோன் 60ஓடு எப்போது கை கோத்தது என்றால், 1916இல். ஹென்றி வாரன் என்ற அமெரிக்கர் வீட்டுக் கரண்டின் துடிப்பையே எண்ணி ஓடும் கடிகாரம் செய்தார். நிமிடத்துக்கு 3600 சுற்று சுற்றும் குட்டி மோட்டார், பல்சக்கரம் வைத்து வேகத்தைக் குறைத்து விநாடி முள்ளை நகர்த்தும். செய்து பார்த்தால் கடிகாரம் தப்பாக ஓடியது, ஏனென்றால் மின்நிலையத்தின் 60 சரியான 60 இல்லை. வாரன் கடிகாரத்தைத் திருத்தவில்லை, மின்நிலையத்தைத் திருத்தினார். பாஸ்டன் எடிசன் கம்பெனிக்கு ஒரு தாய்க் கடிகாரம் செய்து கொடுத்தார். அதில் இரண்டு முள், ஒன்றை ஊசல் ஓட்டும், ஒன்றை நிலையத்தின் மின்சாரம் ஓட்டும். இரண்டு முள்ளும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போகும்படி ஜெனரேட்டர் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது பணியாளரின் வேலை. அதன் பிறகு ஊரில் எந்தச் சுவரில் செருகினாலும் சரியான நேரம். (அப்படிப்பட்ட அமெரிக்கக் கடிகாரத்தை 50 ஹெர்ட்ஸ் ஓடும் நம் ஊருக்குக் கொண்டுவந்து செருகினால் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். அது பழுது அல்ல.)

டிவி வந்தபோது இந்த 60ஐத்தான் பிடித்துக்கொண்டது. 1941இல் அமெரிக்கத் தரம் விநாடிக்கு 60 அரைப்படம் என்று முடிவானது, கரண்டின் துடிப்போடு ஒத்துப்போனால் திரையில் விழும் நிழல்பட்டை நகராமல் நிற்கும், கண்ணை உறுத்தாது என்பதற்காக. 1953இல் வண்ணம் சேர்த்தபோது வண்ண அலையும் ஒலி அலையும் மோதிக்கொள்ளாமல் இருக்க வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்தார்கள், 60 என்பது 59.94 ஆனது. அந்த அற்பக் குறைச்சல் எடிட்டர்களின் பிழைப்பைக் கெடுத்தது. விநாடிக்கு 30 படம் என்று எண்ணிக்கொண்டு போனால் ஒரு மணி நேரத்தில் 3.6 விநாடி பிசகும், 108 படம். (108 என்றதும் அடுத்த கேள்வியைக் கேட்டுவிடாதீர்கள்.) அதற்கு ஒரு வழி செய்தார்கள்: ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் இரண்டு எண்ணைத் தாண்டிவிடு, பத்தாவது நிமிடங்களில் மட்டும் தாண்டாதே. மணிக்கு 54 முறை, இரண்டிரண்டாக 108, கணக்கு நேர். படம் எதுவும் வெட்டப்படுவதில்லை, எண்தான் தாண்டுகிறது. வடக்கே 85 வருஷத்துக்கு ஒரு பெயரைத் தாண்டிய அதே வைத்தியம்.

கம்ப்யூட்டர் திரை டிவியிலிருந்து வந்ததால் விஜிஏ என்ற பழைய கம்ப்யூட்டர் திரைத் தரமும் 59.94, அதனால்தான் விண்டோஸ் அமைப்பில் சில நேரம் 59 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் என்று இரண்டும் வரிசையாகக் காட்டும். போன் பேட்டரியில் ஓடுகிறது, கரண்டின் துடிப்புக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, ஆனாலும் 60. ஆப் எழுதுகிறவர்கள் ஒரு படத்தை 16.67 மில்லி விநாடிக்குள் வரைந்தாக வேண்டும் என்று மல்லுக்கட்டுவது 1890களில் விளக்குக்கும் மோட்டாருக்கும் நடந்த சமரசத்தால்தான். இப்போது வரும் 120 ஹெர்ட்ஸில் மட்டும் பழைய சுமேரிய ஞானம் கொஞ்சம் தெரிகிறது. சினிமா விநாடிக்கு 24 படம், 60ஐ 24ஆல் வகுத்தால் இரண்டரை, ஆகவே ஒரு படத்தை மூன்று முறையும் அடுத்ததை இரண்டு முறையும் காட்டி ஒப்பேற்ற வேண்டும், கேமரா நகரும் காட்சியில் லேசாகத் தட்டும். 120இல் 24ம் அடங்கும், 30ம் அடங்கும், 60ம் அடங்கும்.

கடைசியாக, கணினிக்குள் இந்த 60 செய்யும் இரண்டு சேட்டைகள். பூமியின் சுழற்சி அணுக்கடிகாரத்தோடு ஒத்துப்போகாததால் 1972இலிருந்து அவ்வப்போது ஒரு விநாடியைச் சேர்த்துவந்தார்கள், மொத்தம் 27 முறை. சேர்க்கும்போது 59க்குப் பிறகு 60 என்றே ஒரு விநாடி வரும். கடைசியாகச் சேர்த்தது 2016 முடிவில், இந்திய நேரப்படி 2017 ஜனவரி 1 காலை 5:29:60. விநாடி என்றால் 0 முதல் 59 வரை என்று நம்பி எழுதிய மென்பொருள்களுக்கு இது ஆகாது. 2012 ஜூன் 30இல் சேர்த்தபோது சர்வர்களில் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு பிழை வெளிப்பட்டு ஏகப்பட்ட சர்வர்கள் சும்மாவே முழு வேகத்தில் சுழன்றன, ரெடிட் இணையதளம் படுத்தது, குவாண்டாஸ் விமானப் பயணிகள் செக்-இன் வரிசையில் நின்றார்கள். 2035க்குள் இந்தப் பழக்கத்தை நிறுத்திவைக்க 2022இல் உலக அளவை மாநாட்டில் தீர்மானம் போட்டாயிற்று.

இன்னொன்று, சர்வர் வேலை பார்ப்பவர்களுக்கு நேரடியாக உதவும். யாம்ல் என்ற அமைப்புக் கோப்பு வடிவத்தின் 1.1 பதிப்பில், 60 அடிமான எண்களையும் எழுதலாம் என்று விதி இருந்தது, நேரத்தைச் சுலபமாக எழுதட்டும் என்று. டாக்கர் என்ற சர்வர் கருவியில் போர்ட் (தரவு போய்வரும் வாசல் எண்) இணைப்பை 22:22 என்று மேற்கோள்குறி இல்லாமல் எழுதினால், இரண்டு போர்ட் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், அது 22 அறுபதும் 22ம் என்று படித்து 1342 என்ற ஒற்றை எண்ணாக ஆக்கிவிடும். 8080:80 என்று எழுதினால் எதுவும் ஆகாது, ஏனென்றால் 80 என்பது 59ஐத் தாண்டிவிட்டது, அப்படி ஓர் இலக்கம் பாபிலோனிலேயே கிடையாது. அதனால் பத்துக் கோப்பில் பிரச்சினையில்லாமல் ஓடியது பதினொன்றாவதில் மட்டும் உதைக்கும், ஏன் என்று தெரியாமல் மண்டை காயும். 2009இல் வந்த 1.2 பதிப்பில் இந்த விதியை எடுத்துவிட்டார்கள், ஆனால் பைதான் மொழியின் பையாம்ல் போல 1.1ஐயே பின்பற்றும் கருவிகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. போர்ட் எண்களை மேற்கோள்குறிக்குள் போட்டுவிடுங்கள்.